ஐந்தெழுத்து வேண்டும், நடுவில் க்யூ வேண்டும்: ஆங்கிலச் சொல் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கு ஜார்ஜ் டவுனில், சனிக்கிழமை காலைகளில், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சிலரை உட்கார வைத்து ஆங்கிலச் சொல்விளையாட்டு நடத்தி வருகிறேன். ஒவ்வொரு எழுத்துக்கும் புள்ளியுள்ள கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் பலகைகள் மூன்று, பழைய அகராதி ஒன்று, பக்கத்துக் கடையிலிருந்து வரும் தேநீர்; இவைதாம் எங்கள் சொத்து. பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோர் வாசலில் நின்று கேட்பவை, இரவு பத்து மணிக்குக் கைப்பேசியில் கேட்பவை எல்லாம் சேர்ந்து இந்தப் பக்கம் ஆயிற்று.

முதலில், ஆங்கில எழுத்துகளைத் தமிழில் எப்படிக் குறிக்கிறீர்கள்?

இது சின்னக் கேள்வி போலத் தோன்றும். வகுப்பில் பாதிச் சண்டை இதனால்தான். நம் எழுத்தில் எழுதினால் இரண்டு ஆங்கில எழுத்துகள் ‘பி’ ஆகிவிடுகின்றன, இரண்டு ‘டி’ ஆகிவிடுகின்றன. அதனால் ஊர்ப்பெயரைத் துணைக்கு அழைத்துக்கொண்டோம். பினாங்கு பி, பட்டர்வொர்த் பி. கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. தைப்பிங் ஊரின் டி, டத்தோ என்ற பட்டத்தின் டி. மற்றவற்றில் குழப்பமில்லை. கடைசி எழுத்தை இசட் என்றே சொல்கிறோம்.

என் மகன் ஐந்தெழுத்துச் சொல் கேட்டால் ஆறெழுத்துச் சொல் சொல்கிறான். எண்ணத் தெரியாதா?

தெரியும். அவன் தமிழில் எண்ணுகிறான். ‘ஸ்கூல்’ தமிழில் மூன்றெழுத்து, ஆங்கிலத்தில் ஆறு. நமக்கு ஒலிதான் எழுத்து. ‘கூ’ என்பது உயிரும் மெய்யும் சேர்ந்தாலும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் ஒலிக்காத எழுத்துக்கும் ஒரு கட்டம் ஒதுக்கியாக வேண்டும். சொல்லை வாயால் சொல்லி விரல் மடக்கும் பிள்ளையைத் தடுத்து, கட்டம் போட்டு எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்.

இன்னொரு சிக்கல் அமெரிக்காவிலிருந்து வருகிறது. நம் பள்ளிகளில் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் கற்பிக்கிறார்கள். ‘கலர்’ அங்கே ஆறெழுத்து. அமெரிக்கர் யூவை எடுத்துவிட்டு ஐந்தாக்குகிறார்கள். ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் என்ற இணைய விளையாட்டு அமெரிக்கக் கூட்டலில் நடப்பது. 2022 பிப்ரவரியில் ‘ஹியூமர்’ யூ ஒன்று குறைந்து விடையாக வந்தபோது பிரிட்டனில் பலர் கொதித்துப்போனார்கள். எங்கள் வகுப்பிலும் ஒருத்தி கொதித்தாள். ஸ்கிராபிளில் இந்தத் தகராறு இல்லை. எந்தச் சொல் செல்லும் என்று தீர்மானிக்கும் காலின்ஸ் பட்டியலில் இரண்டு கூட்டலும் செல்லும்.

மலாய் எழுத்துக்கூட்டல் ஆங்கிலத்தைக் கெடுக்கிறதா?

கெடுக்கிறது என்று சொல்ல மாட்டேன். மலாய் ஒலித்தபடி எழுதும் மொழி. பஸ்ஸுக்கு யூ போடாமல் ஏ போடும், ஐஸுக்கு ஏ-ஐ-எஸ், போலீஸின் கடைசியில் ஐ-எஸ், டாக்சியில் எக்ஸுக்குப் பதில் கே-எஸ். சாலையில் பலகைகள் எல்லாம் அப்படி இருக்கும்போது பிள்ளை வேறு எப்படி எழுதும்?

வேடிக்கை என்னவென்றால், இவற்றில் மூன்று ஸ்கிராபிளில் செல்லும், வேறு பொருளில். பட்டர்வொர்த் பி-ஏ என்பது பழைய எகிப்தியரின் நம்பிக்கையில் ஓர் ஆன்மா. அதன் பன்மைக்கு எஸ் சேர்த்தால் நம் மலாய் பஸ். ஏ-ஐ என்பது தென்னமெரிக்காவின் மூன்று விரல் சோம்பல் விலங்கு. இரண்டு விலங்கு சேர்ந்தால் மலாய் ஐஸ். பினாங்கு பி-ஓ-எல்-ஐ-எஸ் என்பது கிரேக்க நகர அரசு. மலாய் டாக்சி மட்டும் செல்லாது. நான்கில் மூன்று தப்பித்ததே பெரிது என்று நான் சிவப்பு மையை எடுப்பதில்லை. பொருளை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். தேர்வுத்தாள் வேறு விஷயம், அங்கே ஆசிரியர் சொல்வதுதான் சட்டம்.

எந்த அகராதியை நம்புவது?

மலேசியாவில் ஸ்கிராபிள் போட்டி என்றால் காலின்ஸ் பட்டியல். அமெரிக்காவும் கனடாவும் தனிப் பட்டியல் வைத்திருக்கின்றன. காலின்ஸின் 2019 பதிப்பில் 2,79,496 சொற்கள் இருந்தன. அவற்றில் ஈரெழுத்துச் சொற்கள் 127. அந்த ஆண்டுதான் ஓ-கே என்பதும், அருவருப்பைக் காட்டும் ஈ-டபிள்யூ என்பதும், ஆண் பெண் என்று பிரிக்காத பிரதிப்பெயரான இசட்-ஈ என்பதும் ஏறின. உலகமே பேசும் ‘ஓகே’ அதற்கு முன்பு செல்லாத சொல்லாக இருந்தது என்றால் பிள்ளைகள் நம்புவதில்லை.

புதிதாகத் தொடங்குபவர் வேறு எதையும் மனப்பாடம் செய்யாமல் அந்த 127ஐ மட்டும் செய்யலாம். இருக்கும் சொல்லை ஒட்டியே புதிய சொல்லைப் படுக்கவைக்க ஈரெழுத்துச் சொற்கள்தாம் கை கொடுக்கும். அவற்றில் மாணிக்கங்கள் சில: வியட்நாம் காசான எக்ஸ்-யூ, கிரேக்க எழுத்தான எக்ஸ்-ஐ, ‘பீட்சா’வின் வாலான இசட்-ஏ, மாட்டுக்கும் யாக் எருமைக்கும் பிறந்த இசட்-ஓ, ஸ்காட்லாந்தில் காதலியை அழைக்கும் ஜே-ஓ.

க்யூ வந்து யூ வராவிட்டால் என்ன செய்வது?

இதைக் கேட்காத பெற்றோர் இல்லை. எனக்கும் இதுவே பிடித்த கேள்வி.

எங்கள் வகுப்பிலிருந்து சற்றுத் தூரம் நடந்தால் குவீன் ஸ்திரீட், மகா மாரியம்மன் கோயில். அந்தக் ‘குவீன்’ பழைய ஆங்கிலத்தில் சி-டபிள்யூ என்றுதான் தொடங்கியது. நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பின்பு, பிரெஞ்சு எழுத்தர் பழக்கத்தில் அது க்யூ-யூ ஆயிற்று. ஆக, க்யூவுக்குப் பின்னால் யூ வர வேண்டும் என்பது இயற்கைச் சட்டமில்லை, எழுத்தர் வழக்கம். அந்த எழுத்தர் கை படாத மொழிகளிலிருந்து வந்த சொற்களுக்கு யூ தேவைப்படுவதில்லை.

அந்த மொழிகளில் முதலாவது அரபு. அரபியில் தொண்டையின் ஆழத்தில் பிறக்கும் ‘காஃப்’ என்ற எழுத்தை ஆங்கிலம் க்யூ என்று எழுதுகிறது. மலாய் அதைக் கே ஆக்கியது. நாம் ககரம் ஆக்கினோம். கோயிலிலிருந்து இன்னும் கொஞ்சம் நடந்தால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அங்கே ‘வக்ஃபு’ நிலம் என்றால் எல்லோருக்கும் தெரியும், மலாயில் வக்கஃப். ஆங்கிலத்தில் டபிள்யூ-ஏ-க்யூ-எஃப். நான்கே எழுத்து, 19 புள்ளி. தொழுகைத் திசையான கிப்லா ஐந்தெழுத்து: க்யூ, ஐ, பட்டர்வொர்த் பி, எல், ஏ. நம் ‘பக்கிரி’ இருக்கிறாரே, அவர் எஃப்-ஏ-க்யூ-ஐ-ஆர் என்று பலகையில் உட்கார்ந்தால் 17. தலாக்கும் நிகாபும் அப்படியே, ஐந்தைந்து எழுத்து. மேற்கத்தியப் பிள்ளை ஒன்று இவற்றைப் பட்டியலாக உருப்போட வேண்டும். பினாங்குப் பிள்ளைக்கு இவை அடுத்த தெருவில் கேட்கும் சொற்கள். எழுத்துக்கூட்டலை மட்டும் காட்டினால் போதும்.

இரண்டெழுத்தில் வேண்டுமென்றால் க்யூ-ஐ. சீனரின் உயிர்மூச்சு, பதினொரு புள்ளி. வட அமெரிக்கப் பட்டியலில் அது 2006இல்தான் ஏறியது. அதற்கு முன்பு விளையாடியவர்கள் க்யூவைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை ஆட்டம் தோற்றிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

உயிரெழுத்தே இல்லாத சொற்கள் உண்டா?

ஆங்கில உயிர் ஐந்து என்று பள்ளியில் சொல்கிறார்கள். வை என்ற எழுத்து ரகசியமாக ஆறாவது வேலை பார்க்கிறது. ‘ரிதம்’ ஆறெழுத்து, அந்த ஐந்தில் ஒன்றும் இல்லை. ஐந்தெழுத்தில் ‘நிம்ஃப்’, ‘கிரிப்ட்’, ‘லிம்ஃப்’. வையும் கிடைக்காவிட்டால் வேல்ஸ் நாட்டுக்குப் போக வேண்டும். அங்கே டபிள்யூவும் உயிர்தான். சி-டபிள்யூ-எம் ஒரு வகை மலைப்பள்ளத்தாக்கு. சி-ஆர்-டபிள்யூ-டி-எச், தைப்பிங் டியோடு, ஒரு பழைய நரம்பு வாத்தியம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது டி-எஸ்-கே. அதே தைப்பிங் டிதான். நம் பாட்டிமார் உச்சுக் கொட்டுவார்களே, அந்த ஒலி. இருமுறை உச்சுக் கொட்டினால் ஆறெழுத்து, அதுவும் செல்லும். இதைச் சொல்லிக் கொடுத்த அன்று வகுப்பு முழுவதும் ஒருவரைப் பார்த்து ஒருவர் உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தது.

கை நிறைய உயிரெழுத்து வந்துவிட்டால்?

‘ஆடியோ’, ‘அடியூ’ இரண்டும் ஐந்தெழுத்து, நான்கு உயிர். ‘க்யூ’ வரிசையும் அப்படித்தான்: ஒரு க்யூ, அதன் பின்னால் ஒலிக்காமல் வரிசையில் நிற்கும் நான்கு பேர். கட்டைகளை மாற்றிக்கொள்வது பல நேரம் இதைவிட நல்லது.

வேர்டில் விளையாடுகிறேன். நான்கு எழுத்து தெரிந்தும் தோற்கிறேன். ஏன்?

வேர்டிலை ஜாஷ் வார்டில் 2021 அக்டோபரில் பொதுவில் விட்டார்; 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. ஐந்தெழுத்து, ஆறு முயற்சி. சரியான இடத்தில் விழுந்த எழுத்து பச்சை, சொல்லில் வேறு இடத்தில் உள்ள எழுத்து மஞ்சள். நான்கு எழுத்து பச்சையானதும் வென்றுவிட்டோம் என்று நினைப்பதே பொறி.

‘ஆர்-ஆர்-வை’ என்று முடியும் ஐந்தெழுத்துச் சொற்களைப் பாருங்கள். கர்ரி, ஃபெர்ரி, லோரி, சாரி, ஹர்ரி, வொர்ரி, கேரி, மேரி, மெர்ரி, பெர்ரி. ஒரு பினாங்குக்காரனின் நாள் முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்: காலையில் ஃபெர்ரி, வழியில் லோரி, மதியம் கர்ரி, தாமதத்துக்கு சாரி. இரண்டாம் எழுத்து யூ என்றும் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் பொதுவான சொற்கள் மூன்று. முதலெழுத்து சியானால் குழம்பு, எச்சானால் அவசரம், எஃப்பானால் மென்மயிர் அடர்ந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் மூன்று முயற்சி போகலாம். கையில் இரண்டு முயற்சிதான் இருக்கிறதென்றால்?

விடையை நோக்கி ஓடாமல் ஒருமுறை விலகி நில்லுங்கள். சி, எச், எஃப் மூன்றும் உள்ள ஐந்தெழுத்துச் சொல் ஒன்று போடுங்கள். ‘சீஃப்’: சி-எச்-ஐ-ஈ-எஃப். அது விடையாக இருக்கவே முடியாது, தெரிந்தேதான் போடுகிறோம். எந்த எழுத்துக்கு நிறம் வருகிறதோ அதுவே முதலெழுத்து. அடுத்த முயற்சியில் முடிந்தது. கண்டுபிடித்த எழுத்துகளை அடுத்த முயற்சியிலும் போட்டே ஆக வேண்டிய கடின முறையில் விளையாடினால் இந்த வழி அடைபடும். அங்கே தொடக்கத்திலிருந்தே கவனம் வேண்டும்.

ஏழெழுத்துச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு ஆசைப்படுகிறார்கள்?

கையிலுள்ள ஏழு கட்டைகளையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல். கணக்குப் பாருங்கள்: நம் ஊர் நூடுல்ஸ் உணவான ‘லக்சா’ ஐந்தெழுத்து, 9 புள்ளி. மலேசியக் காசான ‘ரிங்கிட்’ ஏழெழுத்து, அதுவும் கட்டைக் கணக்கில் 9 புள்ளிதான். ஆனால் ஒரே வீச்சில் இறக்கினால் ரிங்கிட் 59 ஆகிறது. காசுக்கும் லக்சாவுக்கும் இப்படியொரு உறவு.

கட்டைகளின் எண்ணிக்கைக்கும் புள்ளிக்கும் அடிப்படை, ஸ்கிராபிளை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் செய்த எண்ணிக்கை. 1930களில் வேலையில்லாமல் இருந்தவர் செய்தித்தாளை விரித்து எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். அதனால்தான் 100 கட்டைகளில் ஈ மட்டும் 12. க்யூவும் இசட்டும் ஒவ்வொன்றே, பத்துப் பத்துப் புள்ளியோடு. எஸ் நான்கே, பன்மையாக்கி எளிதில் தப்பிக்கக் கூடாது என்பதற்காக. மலாய்ப் பதிப்பில் ஏ மட்டும் 19 கட்டை, ஆங்கிலத்தில் ஒன்பது. மொழி மாறினால் மூட்டையே மாறுகிறது.

ஏழெழுத்துக்குப் பயிற்சி வேண்டுமென்றால் ‘ரெட்டினா’, அதாவது விழித்திரை, ஆறெழுத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்துப் பாருங்கள். எஸ் ஒன்றைச் சேர்த்தால் மட்டும் ‘ரிட்டெய்ன்ஸ்’, ‘நாஸ்டியர்’, ‘ஸ்டெய்னர்’, ‘ரெட்டினாஸ்’, கிரேக்க மதுவான ‘ரெட்சினா’ என்று கொட்டும். ஒரே ஏழு கட்டை, ஐந்து சொல்.

தமிழ்ச் சொற்களைப் போடலாமா?

ஆங்கிலம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டவற்றைப் போடலாம். கறி ஐந்தெழுத்து. சுருட்டு ‘செரூட்’ ஆகி ஏழெழுத்து. கட்டுமரம் ஒன்பது, அதில் நான்கு ஏ. மிளகுத்தண்ணீர் பன்னிரண்டு எழுத்தாக நீண்டுபோய், மிளகும் தெரியாமல் தண்ணீரும் தெரியாமல் இருக்கிறது. கயிறு மலையாளக் கரை வழியாகப் போய் ‘காயர்’ என்று நான்கெழுத்து. இட்லி, தோசை இரண்டும் நான்கெழுத்து, ஐந்தைந்து புள்ளி. மலாயிலிருந்து ‘அமோக்’, ‘சாத்தே’, ‘டுரியான்’, ‘ரம்புத்தான்’. நான்கு, ஐந்து, ஆறு, எட்டு.

‘பறை’யிலிருந்து போன ஆறெழுத்துச் சொல் ஒன்றும் பட்டியலில் உண்டு. இந்நாட்டில் நம்மைப் பார்த்து வீசப்பட்ட சொல்லும் அதுதான். ஒரு சிறுவன் அதைப் பலகையில் போட்டான். விதிப்படி செல்லும், புள்ளியைக் கொடுத்தேன். பிறகு ஆட்டத்தை நிறுத்திவிட்டு அந்தச் சொல் எங்கிருந்து எங்கே போயிற்று என்று அரைமணி நேரம் பேசினோம். அதன்பின் யாரும் போடவில்லை. நான் தடுக்கவும் இல்லை.

இணையத்தில் தேடிக் கண்டுபிடிப்பது ஏமாற்றா?

ஆட்டத்தின் நடுவில் தேடினால் ஏமாற்று. ஆட்டம் முடிந்தபின் தேடினால் படிப்பு. பெரும்பாலான தேடுகருவிகளில் தெரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போட வேண்டும். இரண்டு கேள்விக்குறி, பின் க்யூ, பின் இரண்டு கேள்விக்குறி என்றால் நடுவில் க்யூ வரும் ஐந்தெழுத்துச் சொற்கள் வரும். பக்கிரி அங்கே நிற்பார். வரும் பட்டியலில் மூன்றை மட்டும் எடுத்து நோட்டில் எழுதச் சொல்கிறேன். முப்பதை எழுதியவன் முப்பதையும் மறக்கிறான்.

பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்தால் போதாதா?

போட்டிக்குப் போதும் என்பதற்கு ஒரே ஆள் சாட்சி: நைஜல் ரிச்சர்ட்ஸ். நியூசிலாந்துக்காரர், மலேசியாவில் குடியிருந்தவர். பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிளில் உலகப் பட்டம் வென்றார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்தார். 2007இல் மும்பையில் நடந்த ஆங்கில உலகப் போட்டியின் இறுதியில் அவரை எதிர்த்து ஆடியவர் நம் நாட்டுக் கணேஷ் ஆசீர்வாதம். தோற்றார், ஆனால் உலகத்தில் இரண்டாமவர். அந்தப் பெயரை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

ரிச்சர்ட்ஸின் நினைவாற்றல் நம் பிள்ளைகளுக்கு இல்லை, எனக்கும் இல்லை. எங்களுக்குச் சொல் ஒட்ட வேண்டுமானால் யார் வாயிலிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். அதனால் பொருள் கேட்கிறேன்.

பட்டியலில் இருந்தும் பலகையில் போட முடியாத சொல் உண்டா?

உண்டு. பகட்டைக் குறிக்கும் ‘பிசாஸ்’ என்ற ஏழெழுத்துச் சொல்லில் இசட் நான்கு. மூட்டையில் இசட் ஒன்று, எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுக் கட்டை இரண்டு. மூன்றுதான் தேறும்.

கடைசியாக: ‘லா’ போடலாமா?

மலேசியர் எல்லோரும் கேட்பார்கள் என்று தெரியும். போடலாம். எல்-ஏ-எச், ஆறு புள்ளி. ஆனால் அங்கே அது ஸ்வர வரிசையில் வரும் ஓர் இசைக்குறி. நாம் வாக்கியத்தின் வாலில் ஒட்டும் ‘லா’வுக்காக உள்ளே விடப்பட்டதில்லை. ‘ஐயோ’வும் 2016இல் ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது, இருந்தாலும் பலகையில் தீர்ப்பு காலின்ஸுடையது, ஆக்ஸ்ஃபோர்டைக் காட்டி வாதாட முடியாது.

சென்ற மாதம் ஒரு சிறுமி நாற்பது புள்ளி பின்தங்கி, கடைசி மூன்று கட்டையில் ‘லா’ போட்டாள். இசைக்குறி என்று நான் விளக்கத் தொடங்கினேன். “தெரியும் சார், ஆனால் நான் மற்ற லாதான் போட்டேன்” என்றாள்.